சென்சார் ரீட்அவுட் வேகம்: எந்த கேமராவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

குன்னூரில் கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவர். கோத்தகிரியில் லீவு கிடைத்தால் பறவைகளுக்குப் பின்னால் போகும் பள்ளி ஆசிரியர் ஒருவர். மசினகுடியில் ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டு வீடியோ போடும் தம்பி ஒருவர். சமீபத்தில் மூன்று பேரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி: "ரீட்அவுட் வேகமா இருக்கிற சென்சார்தான் வாங்கணும்னு சொல்றாங்களே, அதுக்காக இன்னும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் போடலாமா?"

மூன்று பேருக்கும் என் பதில் வேறு வேறு. அந்த வேகம் சிலருக்குப் படத்தையே காப்பாற்றும். சிலருக்கு அது இருப்பதே தெரியாமல் கேமரா பழையதாகிவிடும். யார் எந்தப் பக்கம் என்று பார்க்க, முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

## ரீட்அவுட் என்றால்

சென்சாரில் விழும் ஒளியை கேமரா ஒரே கணத்தில் மொத்தமாக அள்ளிக்கொள்வதில்லை. ஒரு ஓரத்து வரிசையில் தொடங்கி மறு ஓரம் வரை வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போக ஆகும் நேரம்தான் ரீட்அவுட் நேரம். ஜெராக்ஸ் மிஷினில் விளக்கு நகரும்போது தாளை லேசாக இழுத்தால் எழுத்தெல்லாம் கோணிக்கொள்ளும், அதே கதைதான் இங்கும்.

பலர் குழம்புவது அடுத்த இடத்தில். ஷட்டர் வேகத்தை 1/4000 என்று வைத்தால் கோணல் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. ஒவ்வொரு வரிசையும் 1/4000 விநாடிதான் ஒளி வாங்குகிறது, சரி. ஆனால் மெதுவான சென்சாரில் கடைசி வரிசையின் முறை வருவதற்குள் 50 மில்லி விநாடி ஓடியிருக்கும். படம் கூர்மையாக இருக்கும், கோணலாகவும் இருக்கும்.

இந்தக் கோணல் எல்லாம் எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும், அதாவது திரை எதுவும் நகராமல் சென்சாரை வைத்தே எடுக்கும்போது மட்டும். மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரை 3 முதல் 4 மில்லி விநாடிக்குள் கடந்து மூடிவிடும். மூடிய பிறகு, இருட்டில், சென்சார் எவ்வளவு நிதானமாகப் படித்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. முதல் திரை எலக்ட்ரானிக்காகவும் இரண்டாவது திரை மெக்கானிக்கலாகவும் இருக்கும் வகைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பழைய டிஎஸ்எல்ஆர் காலத்தில் யாரும் ரீட்அவுட் பற்றிப் பேசாததற்கு இதுதான் காரணம்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த ஷட்டரில் உங்கள் வேலை நடக்கிறது? மற்ற கேள்வி எல்லாம் இதற்குப் பிறகுதான். சத்தமில்லாமல் எடுக்க வேண்டுமா, விநாடிக்கு 20, 30 படம் வேண்டுமா, பட்டனை அழுத்துவதற்கு முந்தைய அரை விநாடியும் பதிவாகும் ப்ரீ-கேப்சர் வேண்டுமா? இதெல்லாம் எலக்ட்ரானிக் ஷட்டர் வேலை. வீடியோவும் அப்படியே. இவை எதுவும் வேண்டாம் என்றால், நீங்கள் வாங்கும் கேமராவின் ரீட்அவுட் எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

பொருள் பிரேமை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது? இங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது. நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் போகும். வெளியே நின்று மொத்த ரயிலையும் எடுத்தால் எந்தச் சென்சாரும் சமாளிக்கும். அதே ரயிலின் ஜன்னலிலிருந்து, ஃபுல் பிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கம்பத்தை எடுத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் பிரேமின் அகலம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரயில் விநாடிக்கு 2.8 மீட்டர் போகிறது. ஆக, கம்பம் அரை விநாடியில் பிரேமைக் கடந்துவிடும். 50 மில்லி விநாடி எடுக்கும் சென்சாரில், 24 மெகாபிக்சல் படத்தில், கம்பத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 600 பிக்சல் விலகல் வரும். எட்டு டிகிரிக்கு மேல் சாய்வு. 15 மில்லி விநாடி சென்சாரில் அது இரண்டரை டிகிரி. 4 மில்லி விநாடியில் முக்கால் டிகிரிகூட வராது.

இன்னொரு விஷயம். கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால் பக்கவாட்டில் ஓடும் பொருள் சாயாது, கொஞ்சம் நீளும் அல்லது குறுகும். கண்ணுக்கு அது அவ்வளவாக உறுத்தாது. காசில்லாத வைத்தியம்.

எந்த விளக்கின் கீழ்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். சென்சார் 50 மில்லி விநாடி எடுத்தால் அதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கியிருக்கும். படத்தில் ஐந்து கறுப்புப் பட்டை. மணப்பெண்ணின் நெற்றியில் ஒன்று, தாலியில் ஒன்று. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பட்டை மறையும். ஆனால் அந்த வேகத்தில் ஆட்டமும் அசைவும் வந்து சேரும். மேடையில் பின்னால் வைக்கும் எல்இடி திரைகள் வேறு ரகம். அவை இதைவிடப் பல மடங்கு வேகத்தில் துடிப்பவை, வேகமான சென்சாரிலும் மெல்லிய கோடு காட்டும். அதற்கென ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக நகர்த்தும் வசதி சில கேமராக்களில் உண்டு.

இருட்டில் எப்படி? லாங்வுட் சோலைக்குள் காலை ஏழு மணிக்கு 1/1000 வைத்தால், எஃப் 6.3 லென்ஸில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியைப் பெருக்கும் அளவு, ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) 6400-ஐத் தாண்டிவிடும். இந்தத் தொல்லைக்கு ரீட்அவுட் வேகம் ஒரு துளியும் உதவாது. உதவுவது லென்ஸின் வாயும் சென்சாரின் அளவும்தான். வேகத்துக்காகச் சில கேமராக்கள் ரா படத்தை (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்குக் குறைக்கும், அதாவது ஒளி அளவைக் குறிக்கும் நுணுக்கம் குறையும். அதில் நிழல் பகுதி கொஞ்சம் அடிபடும்.

மொத்தச் செலவு. பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) விலை பாதிதான். வேகமான கேமராவுக்கு வேகமான கார்டு, பெரிய ஹார்ட் டிஸ்க், திணறாத லேப்டாப் எல்லாம் வேண்டும். எந்த கேமரா வாங்கினாலும் இந்த ஈரப்பதத்துக்கு ஒரு டிரை கேபினட் தனிச் செலவு. ஜூன் மழையில் அலமாரியில் சும்மா வைத்த லென்ஸில் ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வகை | உதாரணம் | ரீட்அவுட் (சுமார்; மி.வி. = மில்லி விநாடி) | 100 ஹெர்ட்ஸ் விளக்கில் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| மெதுவான சென்சார், மெக்கானிக்கல் ஷட்டருடன் | சோனி ஏ7 மார்க் 4, நிக்கான் இசட்6 மார்க் 2 | 50–65 மி.வி. | 5–6 பட்டை | ஷட்டர் தேய்மானம், சத்தம் | நிலக்காட்சி, உருவப்படம், ஃபிளாஷ் வேலை, உட்கார்ந்திருக்கும் பறவை |
| நடுத்தரம் | கேனான் ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்6 மார்க் 3 | 15 மி.வி. | 1–2 பட்டை | நிழல் பகுதியில் சிறு இழப்பு | கல்யாணம், வீடியோ, எல்லாம் கலந்த வேலை |
| ஸ்டாக்டு சென்சார் (பின்னாலேயே நினைவகம் ஒட்டிய வேகமான வகை) | நிக்கான் இசட்8, கேனான் ஆர்5 மார்க் 2, ஃபூஜி எக்ஸ்-எச்2எஸ் | 4–7 மி.வி. | பட்டை இல்லை, ஒரு பக்கம் மங்கலாம் | கார்டு, சேமிப்பு, படம் பிரிக்கும் நேரம் | பறக்கும் பறவை, ஓடும் விலங்கு |
| குளோபல் ஷட்டர் (எல்லா வரிசையும் ஒரே கணத்தில்) | சோனி ஏ9 மார்க் 3 | 0 | பட்டையே இல்லை | பாடியின் விலை | ஃபிளாஷும் வேகமும் சேர்ந்து வேண்டியவர் |

பட்டைக் கணக்கும் ரீட்அவுட் கணக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் ரா படம் எடுக்கும்போது பொருந்துவது.

## மெதுவான சென்சார்

இந்த வகையை மட்டம் தட்டுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவலாஞ்சியில் விடியலில் ட்ரைபாட் போட்டு நிற்பவருக்கும், முக்குர்த்திப் பக்கம் பாறைமேல் வரையாடு நிற்பதை எடுப்பவருக்கும் 65 மில்லி விநாடி என்பது ஒரு குறையே இல்லை. 61 மெகாபிக்சல் உள்ள சோனி ஏ7ஆர் மார்க் 5 படித்து முடிக்கச் சுமார் 100 மில்லி விநாடி எடுக்கிறது. நிலக்காட்சிக்காரர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள், அவர்கள் வாங்குவது சரிதான்.

பறவை ஆசிரியருக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் எடுப்பதில் பெரும்பங்கு சோலைக்குள் கிளையில் உட்கார்ந்திருக்கும் நீலகிரி ஈபிடிப்பான், நீலகிரி சிரிப்பான் மாதிரியான பறவைகள். பாடியில் மிச்சமாகும் பணத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, அதிகம் வெளிச்சம் விடும் லென்ஸில் போட்டால், ஐஎஸ்ஓ 12800 என்பது 6400 ஆகும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு படத்திலும் தெரியும்.

குறை எங்கே? சைலன்ட் மோடு பெட்டியில் எழுதியிருக்கும், ஆனால் அசையும் எதையும் அதில் எடுக்க முடியாது. தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டெருமை ஒவ்வொரு கிளிக்குக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கும். மெக்கானிக்கல் ஷட்டர் தேயும் பொருள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கடைசியாக ஒரு பொறி. மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமரா இரண்டு ஜாதி. நிக்கான் இசட்8-இல் அது இல்லை, காரணம் அந்தச் சென்சாருக்கு அது தேவைப்படவில்லை. சோனி இசட்வி-ஈ10 மார்க் 2-இலும் இல்லை, ஆனால் அதன் சென்சார் ஸ்டாக்டு இல்லை. வீடியோவுக்கென்று வந்த கேமரா அது, அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கும். "அப்படியே போட்டோவும் எடுத்துக்கலாம்" என்று வாங்குபவருக்குத்தான் சிக்கல். மெதுவான ரீட்அவுட்டிலிருந்து தப்பிக்க அதில் வேறு வழியே கிடையாது.

## நடுத்தரம்

15 மில்லி விநாடி என்பது வினோதமான இடம். பெரும்பாலும் போதும், எப்போதாவது காலை வாரும். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பறக்கும் ஒரு பருந்தைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பினால் பருந்து நேராக இருக்கும். பின்னால் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அந்த மரம் அவ்வளவு நேராக வளர்வது என்பதால்தான் கண்ணில் படுகிறது. புல்வெளி பின்னணி என்றால் யாருக்கும் தெரியாது.

குன்னூர்க்காரருக்கு நான் சொன்னது இந்த வகைதான். அவர் வேலையில் பாதி இப்போது வீடியோ. சர்ச்சில் உறுதிமொழி சொல்லும் நேரம் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். மண்டபத்தில் ஃபிளாஷ் வேண்டும், அப்போது மெக்கானிக்கலுக்கு மாறிக்கொள்வார். இரண்டும் ஒரே பாடியில் கிடைப்பது இங்கேதான். வெள்ளை உடையில் வரிசையாக ஆடும் படுகர் ஆட்டத்தை எலக்ட்ரானிக்கில் எடுத்தாலும் கைகால் வளையாது.

இழப்பு என்ன என்றால், ஆர்6 மார்க் 2 விநாடிக்கு 40 படம் எடுப்பது 12 பிட்டில். இசட்6 மார்க் 3-இல் அடிப்படை (மிகக் குறைந்த) ஐஎஸ்ஓவில் எடுத்து, பிறகு எடிட்டிங்கில் நிழலை வெளிச்சமாக்கினால், அதற்கு முந்தைய இசட்6 மார்க் 2-ஐவிடக் கொஞ்சம் அதிகமாக இரைச்சல் (புள்ளிகள்) தெரியும். ஐஎஸ்ஓ ஏற ஏற அந்த வித்தியாசம் தேய்ந்துவிடும். மண்டபத்தில் யார் ஐஎஸ்ஓ 100-இல் எடுக்கிறார்கள்?

இந்த வரிசைக்கு ஒரு படி கீழே கேனான் ஆர்7. பறவைக்காரர்கள் நிறைய பேர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். 32.5 மெகாபிக்சல், சிறிய சென்சார் என்பதால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். நல்ல கேமராதான். ஆனால் அதன் ரீட்அவுட் சுமார் 30 மில்லி விநாடி, அதனால் விளம்பரத்தில் வரும் "விநாடிக்கு 30 படம்" என்பதை மறந்துவிட்டு, மெக்கானிக்கலில் கிடைக்கும் 15-ஐ மட்டும் நம்பி வாங்குங்கள். அதுவே தாராளம்.

## ஸ்டாக்டு சென்சார்

இதில் படித்த தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம் சென்சாருக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கிறது. அதனால்தான் இந்த வேகம். 4 மில்லி விநாடி என்பது மெக்கானிக்கல் திரையின் வேகமேதான். எனவே எலக்ட்ரானிக்கா மெக்கானிக்கலா என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது. இசட்8 எலக்ட்ரானிக் ஷட்டரிலேயே ஃபிளாஷையும் வழக்கம்போல எரிய வைக்கும்.

கோணல் இல்லாதது ஒரு பக்கம். என்னைக் கேட்டால் பெரிய லாபம் வேறு இரண்டு. தொடர்ந்து எடுக்கும்போது வியூஃபைண்டர் கண் சிமிட்டுவதில்லை. உழவாரன் குருவியைத் தொடர்ந்து பார்த்தவருக்குத் தெரியும், ஒரு கணம் கறுப்பானால் அது பிரேமை விட்டே போய்விடும். அடுத்தது ப்ரீ-கேப்சர். ஈபிடிப்பான் கிளையை விட்டு எழும்பிப் பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்ப ஒரு விநாடி போதும். பார்த்து அழுத்துவதற்குள் கதை முடிந்திருக்கும். பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருந்து, பறவை கிளம்பியபின் முழுக்க அழுத்தினாலும், கிளம்பிய கணம் கார்டில் இருக்கும். ஆனால் இசட்8-இல் இந்த வசதி ஜேபெக்கில் மட்டும்தான். ராவில்தான் வேண்டும் என்பவர் மாடலுக்கு மாடல் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி செலவு. ஒரு ரா படம் 25 எம்பி, விநாடிக்கு 30 படம் என்று வைத்தால் 750 எம்பி. யுஎச்எஸ்-2 எஸ்டி கார்டின் பாதையே விநாடிக்கு 312 எம்பிதான். பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் கேமரா மூச்சு வாங்கும். அதனால் அதைவிட வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு, அதற்கு ஒரு ரீடர், வீட்டில் கூடுதல் ஹார்ட் டிஸ்க். பணத்தைவிடப் பெரிய செலவு, ஒரு காலைக்குச் சேரும் ஆயிரக்கணக்கான படத்தில் நல்லதைப் பிரித்தெடுக்கும் இரவுகள். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஆசிரியர் இரண்டு வருடம் கழித்து, மாயாற்றுப் பக்கம் பறக்கும் பறவைகளிலேயே முழுமூச்சாக இறங்கினால், அப்போது ஸ்டாக்டு வாங்கட்டும். ஃபுல் பிரேம் விலை கட்டுப்படியாகாது என்றால் எக்ஸ்-எச்2எஸ் ஒரு நியாயமான வழி. சென்சார் சிறியது, சோலை இருட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போதைய லென்ஸ் பழையதாக, ஃபோகஸ் மெதுவானதாக இருந்தால் மட்டும் பாடியை மாற்றவே வேண்டாம். விநாடிக்கு 30 படமும் ஃபோகஸ் தவறிய படமாகவே வரும்.

## குளோபல் ஷட்டர்

எல்லா வரிசையும் ஒரே கணத்தில். கோணல் பூஜ்யம், ஃபிளாஷ் 1/80000 வரை. 2023 நவம்பரில் சோனி ஏ9 மார்க் 3-ஐ அறிவித்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தது நியாயம்தான். ஆனால் அடிப்படை ஐஎஸ்ஓவே 250-இல் தொடங்குகிறது, நிழல் பகுதியில் மற்ற ஃபுல் பிரேம்களைவிடக் கொஞ்சம் பின்தங்கும். நம் மலையில் இதற்கென்று ஒரு வேலையை என்னால் யோசிக்க முடியவில்லை.

## வீடியோ எடுக்கும் தம்பிக்கு

போட்டோவுக்குச் சொல்லும் ரீட்அவுட் எண் வீடியோவுக்குப் பொருந்தாது. வீடியோவில் மேலும் கீழும் சில வரிசைகளை விட்டுவிடுவார்கள், பிட்டும் குறையும், அதனால் பெரும்பாலும் வேகம் கூடும். போட்டோவில் 65 மில்லி விநாடி எடுக்கும் ஏ7 மார்க் 4 வீடியோவில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் 4கே 60 பிரேம் வேண்டுமென்றால் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் தரும், 24 மி.மீ. லென்ஸ் 36 மி.மீ. மாதிரி ஆகிவிடும். ஜீப்புக்குள்ளிருந்து எடுப்பவருக்கு அது இடைஞ்சல்.

மசினகுடிச் சாலையில் ஜீப் குலுங்கும்போது காட்சி ஜெல்லி போல ஆடுவது ரீட்அவுட் கோளாறு. ஸ்டெபிலைசேஷன் ஆட்டத்தைக் குறைக்கும், ஏற்கெனவே வளைந்த பிரேமை நிமிர்த்தாது. 15 மில்லி விநாடி வகைக்கு மேல் இதற்குச் செலவிட வேண்டியதில்லை. அகலமான லென்ஸ் போட்டு, டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னால் மீதி சரியாகிவிடும். போட்டோவும் எடுப்பேன் என்றால், முன்னே சொன்ன மெக்கானிக்கல் ஷட்டர் விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

## கடையிலேயே சோதிக்க

பழைய கேமரா வாங்க கோவைக்கு இறங்குபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. மலிவான எல்இடி பல்பு எரியும் ஒரு வெள்ளைச் சுவர் போதும். எலக்ட்ரானிக் ஷட்டர், 1/2000, ஃபோகஸைக் கலைத்துவிட்டு சுவரை மட்டும் பிரேம் நிறைய எடுங்கள். கறுப்புப் பட்டைகளை எண்ணிப் பத்தால் பெருக்கினால் ரீட்அவுட் நேரம், மில்லி விநாடியில், உத்தேசமாகக் கிடைக்கும். ஐந்து பட்டை என்றால் 50. பட்டையே இல்லை என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம், பல்பு தரமானதாக இருக்கலாம், வேறு பல்பின் கீழ் எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஓடும் சீலிங் ஃபேனை ஒரு படம். இறக்கைகள் எவ்வளவு வளைகின்றன என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

மெதுவான சென்சார் என்று தெரிந்தே வாங்கினால், அடுத்த சோதனை இதைவிட முக்கியம். மெக்கானிக்கலுக்கு மாற்றி, கடை வாசலில் நின்று வானத்தை 1/4000-இல் நான்கைந்து படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் வானம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருண்டு வந்தால் திரை தேய்ந்திருக்கிறது. அந்த கேமராவில் ஷட்டரும் போனால் மிஞ்சுவது 50 மில்லி விநாடி சென்சார் மட்டும்தான், ஷட்டர் மாற்றும் கூலியைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.